சகாயமேரி தந்த சடங்கு

மரக்காணம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் நான் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். ஜெராக்ஸ் என்பது போர்டில் இருப்பது. நாள் முழுக்க நான் செய்வது ஊராருக்கு ஆன்லைனில் அப்ளிகேஷன் போட்டுக் கொடுப்பது. பட்டா மாறுதல், ரேஷன் கார்டு, முதியோர் பென்ஷன், ஜூன் பிறந்தால் ஸ்காலர்ஷிப். பதினெட்டு வருஷமாக இதே வேலை. "சர்வர் வேலை செய்யலைங்க, நாளைக்கு வாங்க" என்று சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலிக்கிறது. யாராவது வாசலில் நின்று "பிரபாகரன் அண்ணே" என்று குழைந்தால் போதும், ஏதோ ஒரு சான்றிதழ் திரும்பி வந்திருக்கிறது என்று தெரிந்துவிடும்.

சகாயமேரி அக்காவைப் பற்றி எழுத எனக்கு என்ன தகுதி என்று கேட்டால், அவர் கதையில் பாதி என் கடை பெஞ்சில் நடந்தது, அவ்வளவுதான்.

அக்காவுக்கு இப்போது ஐம்பத்தொரு வயது. பதினாலு வயதில் உப்பளத்தில் இறங்கியவர். பொங்கல் கழிந்து பாத்தி கட்ட ஆரம்பித்தால் மழை இறங்கும்வரை வேலை. பலகையால் உப்பை வாரி வரப்பில் சேர்க்க வேண்டும், கூடையில் அள்ளித் தலையில் சுமந்து மேட்டில் கொட்ட வேண்டும். மழை மாதங்களில் கிடைத்த வேலையைச் செய்வார். புருஷன் தேசப்பன் குயிலாப்பாளையத்தில் ஒரு கெஸ்ட் ஹவுஸில் வாட்ச்மேன். வாரத்துக்கு ஒரு நாள் வீட்டுக்கு வருவார், வந்தால் தூங்குவார். ஒரே பெண் பூவிழி. அக்காவின் பாதத்தில் இருக்கும் வெடிப்புகளைப் பார்த்தால் நமக்கு எரியும். ஆனாலும் சிரித்த முகம். யார் எது கேட்டாலும் இல்லை என்று சொல்லத் தெரியாது. அது நல்ல குணம் என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

பல்கலைக்கழகத்தில் மானிடவியல் என்று ஒரு படிப்பு இருக்கிறது. மனிதர்கள் எப்படிப் பிழைக்கிறார்கள், எதைக் கும்பிடுகிறார்கள், யாருக்கு யார் பெண் கொடுக்கிறார்கள் என்று ஊரில் தங்கிப் பார்த்து எழுதுகிற படிப்பு. அதில் ஆராய்ச்சி செய்கிற பிள்ளைகளுக்குச் சில அறக்கட்டளைகள் உதவித்தொகை, கள ஆய்வு விருது என்று கொடுக்கின்றன. அதை வாங்கிக்கொண்டு நோட்டும் ரெக்கார்டருமாக நம் ஊரில் வந்து இறங்குவார்கள். கேள்வித்தாளை என் கடையில் ஜெராக்ஸ் எடுப்பார்கள். பிறகு உப்பளத்துக்குப் போவார்கள். அங்கே வேலையை விடாமலே பொறுமையாகப் பதில் சொல்கிற ஒரே ஆள் சகாயமேரி அக்கா. மற்ற பெண்கள் "அதோ, அவங்கள கேளுங்க" என்று கையைக் காட்டிவிட்டு நகர்ந்துவிடுவார்கள்.

முதலில் வந்தவள் கலைமதி. பதினாறு வருஷம் ஆகிறது. மெட்ராஸ் பெண், மெலிந்த உடம்பு, தலையில் ஒரு பெரிய தொப்பி. நாலு மாசம் இருந்தாள். முதல் மூன்று மாசம் கணக்கெடுத்தாள். யாருக்கு எத்தனை பிள்ளை, எத்தனை மணிக்கு வேலை, கண்ணில் என்ன கோளாறு. நாலாவது மாசம் அவள் முகம் செத்துப்போனது. என் கடையில் அவளுக்கு வந்த மெயிலை அவளே சத்தமாகப் படித்தாள். இதெல்லாம் தொழிலாளர் கணக்கு, இதில் பண்பாடு எங்கே, சடங்கு எங்கே என்று கைடு கேட்டிருந்தார். இதைக் கொண்டுபோனால் அடுத்த வருஷ உதவித்தொகை வராது. மறுநாள் ஊரைவிட்டுக் கிளம்ப வேண்டியவள், அளத்துக்குப் போய்ச் சொல்லிக்கொண்டு வருகிறேன் என்று போனாள். திரும்பி வரும்போது ஆளே வேறு. கண் பளபளத்தது. "கெடச்சிடுச்சி சார்" என்று மட்டும் சொல்லிவிட்டு பஸ் ஏறினாள்.

பிறகு அவள் பெரிய ஆளானாள். விருது வாங்கினாள், வெளிநாடு போனாள், புத்தகம் போட்டாள், பேராசிரியர் ஆனாள். அவள் எழுதியதைப் படித்துவிட்டு இன்னும் மூன்று பேர் வெவ்வேறு வருஷங்களில் வந்தார்கள். மூன்று பேரும் அக்காவைத்தான் தேடினார்கள். மூன்று பேரும் ஒரே சடங்கைத்தான் கேட்டார்கள். ஒருத்தர் கேமராவில்கூடப் பிடித்துக்கொண்டு போனார். மூன்று பேருக்கும் ஏதோ ஒரு விருது கிடைத்தது. எனக்கு ஜெராக்ஸ் காசு கிடைத்தது. அக்காவுக்கு என்ன கிடைத்தது என்று யாரும் யோசிக்கவில்லை, நானும் யோசிக்கவில்லை.

இப்படி வந்து போகிறவர்களைப் பார்த்துப் பார்த்து வளர்ந்தவள் பூவிழி. சின்ன வயதில் அவர்கள் பக்கத்திலேயே குந்திக்கொண்டு நோட்டை எட்டிப் பார்ப்பாள். பன்னிரண்டாவது முடித்ததும் என்னிடம் வந்து, "அண்ணா, நானும் அந்தப் படிப்புதான் படிக்கப்போறேன். கேக்கறாங்க இல்ல, அந்தப் பக்கம் ஒக்காரணும்" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் படித்தாள். திண்டிவனத்தில் பி.ஏ., பிறகு பல்கலைக்கழகத்தில் மானிடவியல் எம்.ஏ., இப்போது ஆராய்ச்சி.

அவளுக்காக நான் போட்ட அப்ளிகேஷன்களை அடுக்கினால் என் மேஜை உயரம் வரும். கிறிஸ்தவக் குடும்பம் என்பதால் சில உதவித்தொகைகளின் பக்கமே போக முடியாது. மற்றவற்றுக்கு வருமானச் சான்று, சாதிச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று. ஒன்று வரும்போது இன்னொன்று காலாவதியாகும். தாலுகா ஆபீஸுக்கு நடந்து நடந்து அந்தப் பெண்ணின் செருப்புதான் தேய்ந்தது. அவள் எல்லாவற்றையும்விட நம்பியது ஓர் அறக்கட்டளையின் கள ஆய்வு விருதை. இரண்டு வருஷத்துக்கு மாசாமாசம் பணம் வரும், ஆராய்ச்சியை முடித்துவிடலாம். அது இல்லாவிட்டால் படிப்பை நிறுத்திவிட்டு வேலைக்குப் போக வேண்டியதுதான். தேசப்பனுக்குச் சர்க்கரை ஏறிவிட்டது, அக்காவின் இடுப்பும் கூடைக்கு ஒத்துழைக்கவில்லை. வீட்டில் இன்னொரு சம்பளம் வேண்டும்.

அந்த விருதுக்கு ஒருவர் இரண்டு தடவைதான் விண்ணப்பிக்க முடியும். முதல் தடவை போன வருஷம் போனது. பழைய வருமானச் சான்றை ஏற்றிவிட்டேன். என் தப்பு. பூவிழி ஒரு வார்த்தை சொல்லவில்லை. திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

இந்த வருஷம் கடைசி வாய்ப்பு. விண்ணப்பத்தில், இதே இடத்தில் முன்பு நடந்த ஆய்வுகளைப் பற்றி எழுத வேண்டும். பூவிழி கலைமதியின் புத்தகத்தை எடுத்துக்கொண்டு ஒரு மத்தியானம் கடைக்கு வந்தாள். வேலை முடிந்து அக்காவும் வந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். பூவிழி ஒரு பக்கத்தைத் தமிழில் சொல்லிக் காட்டினாள். சீசனில் முதல் உப்பு வாருகிற நாளில், மூத்த பெண் ஒருத்தி பாத்தி மூலையில் நின்று, அந்த அளத்தில் உழைத்துச் செத்துப்போன பெண்களின் பெயரை ஒவ்வொன்றாகச் சொல்வாளாம். ஒவ்வொரு பெயருக்கும் மற்றவர்கள் ஒரு பிடி உப்பைத் தண்ணீரில் திரும்பப் போடுவார்களாம்.

"எவ்ளோ நல்லா இருக்குது" என்றேன். நிஜமாகவே நல்லா இருந்தது.

பூவிழி சிரிக்கவில்லை. "அம்மா, நான் பொறந்ததுலேர்ந்து அங்கதான் கெடக்கறேன். மொதல் நாள் மொதலாளி தேங்கா ஒடைப்பாரு, கற்பூரம் கொளுத்துவாங்க, நீ சிலுவை போட்டுக்குவ, அப்பறம் வேலை. பேர் சொல்றது எப்ப நடக்குது?"

அக்கா தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கேமரா எடுத்துனு வந்தாங்களே, அப்ப செஞ்சோமே."

"அதுக்கு முன்னாடி?"

"அதுக்கு முன்னாடி இல்ல" என்றார் அக்கா. "அது நம்ம கோயில்ல கல்லறைத் திருநாளுக்கு ஃபாதர் படிக்கிறாரு பாரு, அந்த வருஷம் செத்துப்போனவங்க பேரு. அதைத்தான் கொஞ்சம் மாத்தி சொன்னேன்."

நடந்தது இதுதான். உப்பளத்தில் ஒரு வழக்கம் உண்டு. யார் வந்தாலும், லாரி டிரைவரோ ஆபீசரோ, திரும்பும்போது ஒரு பிடி உப்பைக் கட்டிக் கையில் கொடுத்துத்தான் அனுப்புவார்கள். வெறுங்கையோடு அனுப்பினால் அந்தப் பாத்திக்கு ஆகாது என்று ஒரு நம்பிக்கை. முதலாளிகளும் அதைத் தடுப்பதில்லை. அன்றைக்குச் சொல்லிக்கொள்ள வந்த கலைமதிக்கு அக்கா உப்பு கட்டிக் கொடுத்திருக்கிறார். கலைமதி வாங்கவில்லை. ஆராய்ச்சி செய்கிறவர்கள் அங்கே எதையும் பரிசாக வாங்கக் கூடாது என்று அவர்கள் படிப்பில் விதி. வேண்டாம் என்று சொன்னவள் அப்படியே வரப்பில் உட்கார்ந்து அழுதிருக்கிறாள். ஒரு சடங்குகூடக் கிடைக்கவில்லை அக்கா, என் படிப்பே போச்சு என்று.

"உப்பையும் வேணான்னுட்டா. பொண்ணு அழுவுது. வெறுங்கையோட எப்படி அனுப்பறது? அதான் இதை சொன்னேன்" என்றார் அக்கா. "அதை அவ புக்குல போடுவான்னு எனக்கு இன்னா தெரியும்?"

புத்தகத்தில் அது கிறிஸ்தவம் இந்தக் கடற்கரைக்கு வருவதற்கு முன்பே இருந்த முன்னோர் வழிபாடு என்று நாற்பது பக்கம் இருந்தது. எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. பூவிழி முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டேன். விருதுக் குழுவில் இந்த வருஷம் கலைமதியும் ஓர் உறுப்பினர். அறக்கட்டளையின் வெப்சைட்டிலேயே போட்டிருந்தது.

நான் என் புத்திக்கு எட்டியதைச் சொன்னேன். "எதுக்கு வம்பு? அவங்க எழுதினதை அப்படியே ரெண்டு வரில சொல்லிட்டு உன் விஷயத்துக்குப் போயிடு."

அக்கா அதற்கும் மேலே போனார். "அவ மாதிரியே எழுதிக்கடி. இன்னொரு தபா செஞ்சிகூட காட்டறேன். எனக்கு இன்னா, கை வலியா கால் வலியா."

"பாக்காததை பாத்தேன்னு எழுதச் சொல்றியா? அப்பறம் நான் எதுக்கு இந்தப் படிப்பு படிக்கணும்?" என்றாள் பூவிழி. கோபமாகக்கூடச் சொல்லவில்லை. ரொம்ப நாள் ஜுரத்தில் கிடந்த ஆள் பேசுவது போலச் சொன்னாள்.

அவள் உள்ளதை எழுதினாள். இந்தச் சடங்கு இங்கே இல்லை, ஓர் ஆராய்ச்சி மாணவியை வெறுங்கையோடு அனுப்ப மனமில்லாமல் ஒரு தொழிலாளி தந்தது என்று எழுதினாள். அதையே தன் ஆராய்ச்சியாகவும் வைத்தாள். ஆராய வந்தவர்களுக்கு உப்பளத்துப் பெண்கள் என்னென்ன கொடுத்து அனுப்பினார்கள், ஏன் கொடுத்தார்கள் என்பதுதான் அவள் விஷயம். கலைமதியைக் குறை சொல்லி ஒரு சொல் இல்லை. தொழிலாளி யார் என்பதையும் மறைக்கவில்லை, என் தாய் என்றே எழுதியிருந்தாள். நான் அப்லோடு செய்தேன். எல்லாச் சான்றிதழின் தேதியையும் நாலு தடவை பார்த்தேன்.

ஒன்றரை மாசம் கழித்து மெயில் வந்தது. இருநூற்றுச் சொச்சம் பேரில் எட்டுப் பேரை நேர்காணலுக்கு எடுத்திருந்தார்கள், அதில் பூவிழி ஒருத்தி. கடையை அப்படியே போட்டுவிட்டுப் போய் எல்லாருக்கும் டீ வாங்கி வந்தேன். பதினெட்டு வருஷத்தில் அப்படி நான் சந்தோஷப்பட்ட நாட்களை ஒரு கையில் எண்ணிவிடலாம்.

நேர்காணல் வீடியோவில். அவர்கள் வீட்டில் சிக்னல் நிற்காது என்பதால் என் கடையில்தான் நடந்தது. அன்று பதினோரு மணிக்கு ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டேன். பூவிழி இஸ்திரி போட்ட சுடிதாரில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள். அக்கா வேலைக்குப் போகவில்லை, கேமராவில் விழாத மாதிரி ஓரமாகப் பெஞ்சில் உட்கார்ந்து ஜெபமாலை உருட்டிக்கொண்டிருந்தார்.

திரையில் மூன்று முகங்கள். நடுவில் கலைமதி. தலையில் நரை, கண்ணாடி, ஆனால் அதே மெலிந்த முகம். முதல் இருபது நிமிஷம் இங்கிலீஷில் போனது. பூவிழி நன்றாகப் பேசினாள். ஒருவர் இரண்டு தடவை தலையாட்டி "வெரி குட்" என்றார். கலைமதி எதுவும் பேசாமல் பேனாவைத் திருகிக்கொண்டிருந்தார். கடைசியில் தமிழுக்கு மாறினார்.

"பூவிழி, உங்க அம்மா எனக்குச் சொன்னது உண்மை இல்லைன்னு எழுதியிருக்கீங்க. சரி. அன்னைக்கு என்கிட்ட சொன்னது பொய்னா, இன்னைக்கு உங்ககிட்ட சொல்றது உண்மைன்னு நான் எப்படி எடுத்துக்கறது?"

நியாயமான கேள்விதான். கேட்ட குரலில் வெறுப்பு இல்லை, பயம்தான் இருந்தது. நாற்பது பக்கம், ஒரு புத்தகம், அதன்மேல் கட்டின பதினாறு வருஷம். எனக்கே பாவமாக இருந்தது.

"அம்மா இங்கதான் இருக்காங்க மேடம். நீங்களே கேக்கலாம்" என்றாள் பூவிழி. அவள் நம்பித்தான் சொன்னாள். நானும் நம்பினேன்.

அக்கா முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு கேமரா முன்னால் வந்தார்.

"மேரிக்கா" என்றார் கலைமதி. பேராசிரியர் போய் பழைய பெண் குரல் வந்துவிட்டது. "எப்படி இருக்கீங்க? சொல்லுங்கக்கா. அந்தப் பேர் சொல்ற சடங்கு, அது இருந்துச்சா இல்லையா?"

அக்கா திரையையே பார்த்தார். அந்த முகம் அழுதுவிடும்போல இருந்தது. அக்கா திரும்பி ஒரு தடவை மகளைப் பார்த்தார். பிறகு தெளிவாக, நல்ல சத்தமாகச் சொன்னார்.

"இருந்துச்சிம்மா. நீ எழுதினதுதான் சரி. எங்க ஆத்தா காலத்துலேர்ந்து இருந்துச்சி. இந்தப் பொண்ணு சின்னப் பொண்ணு, அதுக்குத் தெரியாது. தப்பா எடுத்துக்காத. அதுக்கு அந்தப் பணத்தை எப்படியாச்சும் குடுத்துடு."

"தேங்க் யூ, பூவிழி" என்றார் நடுவயதுக்காரர் ஒருவர். திரை கறுப்பானது.

எனக்கு அக்காவை உலுக்க வேண்டும்போல இருந்தது. பூவிழி எழுந்து வாசல் வரைக்கும் போய் ரோட்டைப் பார்த்து நின்றாள். பிறகு பக்கத்துக் கடையில் மூன்று டீ சொன்னாள். தன் டீயைக் குடிக்காமலே, "வாம்மா, வெயில் ஏறுது, போலாம்" என்று அக்காவின் கையைப் பிடித்துக் கூட்டிப் போனாள்.

மறுநாள் சாயந்திரம் அக்கா தனியாக வந்தார். முகத்தில் ஒரு நிறைவு.

"பாத்தியா தம்பி, கலைமதி மொகம் எப்படி மலர்ந்துபோச்சின்னு? அவ கையிலதான இருக்குது? அவள நோவடிச்சா நம்ம பொண்ணுக்கு எப்படிக் குடுப்பா? பூவிழிக்கு அந்த சூதுவாது தெரியல. அதான் நானே பேசிட்டேன்."

"ஆமாக்கா" என்றேன். கோழைத்தனம்தான். ஆனால் நாற்பது டிகிரி வெயிலில் உப்பு வாரிவிட்டு வந்து நிற்கிற ஒருவரிடம், நீங்கள் செய்தது இது என்று சொல்ல என்னிடம் தெம்பில்லை.

அடுத்த வாரமே பூவிழி கிளியனூரில் ஒரு தனியார் பள்ளியில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். காலை ஏழேகால் பஸ்ஸில் போய் சாயந்திரம் இருட்டும் நேரத்தில் வருவாள். முடிவு மெயிலில் வந்தால் பார்த்துச் சொல்லுங்கள் என்று பாஸ்வேர்டை என்னிடம் கொடுத்திருந்தாள். அவள் கேட்கவே இல்லை. அக்காதான் தினமும் வேலை முடிந்து வந்து, "வந்துடுச்சா தம்பி?" என்பார். வரலைக்கா என்பேன். "வரும் வரும். கலைமதி மறக்க மாட்டா" என்று சொல்லிவிட்டுப் போவார்.

மூன்று வாரம் கழித்து ஒரு வியாழக்கிழமை வந்தது. அக்கா அப்போது பெஞ்சில்தான் இருந்தார். என் முகத்தைப் பார்த்ததும் எழுந்துவிட்டார்.

"இன்னா போட்டிருக்குது? தமிழ்ல சொல்லு."

"கெடைக்கலைக்கா."

"ஏன்? நல்லாத்தான பேசினா? அந்த ஆளுகூட தலையாட்டினாரே. ஏன்னு போடலியா?"

போட்டிருந்தது. இரண்டே வரி. சுருக்கிச் சொல்லியிருக்கலாம், மாற்றிச் சொல்லியிருக்கலாம். யோசித்தேன். ஆனால் இந்த ஊரில் இதுவரை மாற்றிச் சொன்னது போதும் என்று தோன்றியது.

"பூவிழி எழுதினது நல்ல விஷயம்தானாம். ஆனா அவ யார்கிட்ட கேட்டு எழுதினாளோ அவங்களே அவ எழுதினது உண்மை இல்லைன்னு நேர்ல சொல்லிட்டாங்களாம். அதனால அவ சொல்றதை ஏத்துக்க முடியாதாம்."

அக்காவுக்கு மூக்கு விடைத்தது. "எவ அவ? நம்ம அளத்துலயா? எம் பொண்ணு சொன்னதை இல்லைன்னு சொன்னவ எவ? பேரு போட்டிருக்குதா?"

"பேர் போடலைக்கா" என்றேன். "நீங்கதான்."

அவர் நின்றபடியே என்னைப் பார்த்தார். அந்த வீடியோவை, தான் சொன்ன ஒவ்வொரு வார்த்தையையும் மறுபடி கேட்கிறார் என்று தெரிந்தது. ரோட்டில் பாண்டி பஸ் ஒன்று ஹார்ன் அடித்துக்கொண்டு போனது. எனக்கே சரியாகக் கேட்காத குரலில் கேட்டார்.

"பூவிழிக்கு இது தெரியுமா?"

"அன்னைக்கே தெரியும்க்கா" என்றேன். "நீங்க பேசி முடிச்சப்பவே."